சுருள் கீரையும் ஆரைக்கீரையும்: நம்ம பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஆரைக்கீரை வளர்க்கிறேன். அதைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள், மணாலி டூர் போய் வந்து கேட்பவர்கள், சுவரில் முளைத்ததைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டுபவர்கள் என்று இரண்டு வருஷமாக ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். அவசரமாக இருந்தால் வேகவைப்பது பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

"அக்கா, மணாலி டூர்ல சுருட்டி சுருட்டி பச்சையா ஒரு பொரியல் வெச்சாங்க. அது இன்னா கீரை?"

நம்ம எண்ணூர் பக்கத்து மணலி இல்லை, இமாச்சலத்து மணாலி. அங்கே அதற்கு லிங்கடு என்று பெயர். உத்தராகண்டில் லிங்குடா, ஜம்முவில் கஸ்ரோட், டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் நிங்ரோ, அசாமில் தேக்கியா. எல்லாம் பெரணிச் செடியின் குருத்துதான், பெரும்பாலும் டிப்ளேசியம் என்ற வகை. இலை விரிவதற்கு முன்னால், தொட்டதும் சுருண்டுகொள்ளும் ரயில் பூச்சி மாதிரி இருக்கும். அந்த நிலையில் ஒடித்துச் சமைக்கிறார்கள், அதைத்தான் சுருள் கீரை என்கிறேன். ருசி பிஞ்சு பீன்ஸ் போல, கொஞ்சம் வழவழப்போடு.

இமயமலை வரை போகத் தேவையில்லை. வயநாட்டில் இதைச் சுருளி என்று சொல்லிச் சமைக்கிறார்கள். குடகில் மழைக்காலம் வந்தால் தெர்மே என்ற பெயரில் சந்தைக்கே வந்துவிடும்.

"ஃபெர்ன்னா அழகுக்கு வைக்கிற செடிதானே ஆன்ட்டி? அதைப் போய் கீரைங்கறீங்க?"

ஃபெர்ன் என்றாலும் பெரணி என்றாலும் ஒன்றுதான். பெரணி என்பது பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் பெயர். பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பூச்சி முட்டை என்று பயந்து மருந்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வித்துத்தூள் இருக்கும் பை. அந்தத் தூள்தான் காற்றில் பறந்து, ஈரமும் நிழலும் கிடைத்த இடத்தில் புதுச் செடியாகிறது.

உலகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரணி வகைகள் உண்டு. மனிதர்கள் வழக்கமாகச் சாப்பிடுவது அதில் மிகச் சில. நர்சரியில் போஸ்டன் ஃபெர்ன் என்று தொங்கும் தொட்டியில் விற்கிறார்களே, அது பார்ப்பதற்கு மட்டும். நர்சரிச் செடிக்கு என்னென்ன மருந்து அடித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

"அது ஏன் ஏப்ரல், மே மாசத்துல மட்டும் கிடைக்குது?"

குளிர் ஊர்களில் பனிக்காலம் முழுக்க மேல்பகுதி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு இருக்கும். பனி உருகி மண் சூடானதும் குருத்து கிளம்பும். சில நாட்களிலேயே விரிந்து முற்றிவிடும். முற்றிய இலை நார் மாதிரி ஆகிவிடும், சமைக்க உதவாது. அதனால்தான் வருஷத்தில் சில வாரங்கள் மட்டும்.

அசாமில் போஹாக் பிஹு நம்ம சித்திரை பிறக்கும் நேரத்தில்தான் வருகிறது. அப்போது நூற்றொரு வகைக் கீரை சேர்த்துச் சமைக்கும் வழக்கம் அங்கே உண்டு. தேக்கியா அதில் ஒன்று. இங்கே நாம் வேப்பம்பூ பச்சடி செய்யும் அதே வாரத்தில் அவர்கள் கீரை பறிக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

"நம்ம பக்கம் சாப்பிடற மாதிரி பெரணி ஒண்ணுகூட இல்லியா?"

இருக்கிறது. உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஆரைக்கீரை, நீராரை என்று சொல்வது ஒரு பெரணிதான். மார்சிலியா என்பது அதன் அறிவியல் பெயர். நாலு இலை ஒரே காம்பின் நுனியில் கூட்டல் குறி போல நிற்கும். சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஆரை என்றுதான் பெயர், இலையைப் பார்த்தால் பொருத்தம் புரியும். நெல் வயல், குளக்கரை, ஏரி ஓரச் சேறு இதெல்லாம் அதன் இடம். நம்ம ஊருக்கு வசந்தம் என்று தனியாக ஒன்று இல்லை, ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்கு வசந்தம். மழை நின்ற பிறகு பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து வயல் வரப்புகளில் தளதளவென்று நிற்கும்.

இது எப்படிப் பெரணி ஆகும் என்று கேட்பவர்களை டிரம்முக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் புதுக் குருத்தைக் காட்டுவேன். நூல் போன்ற காம்பு, நுனியில் கடுகு அளவுக்கு ஒரு சுருள். மணாலியில் தட்டில் வந்த அதே சுருள், பொம்மை அளவில். அடுத்தடுத்த நாட்களில் அது அவிழ்ந்து, நாலு இலையும் விசிறி போல மடிப்பு பிரிந்து விரியும். இன்னொன்று, பொழுது சாய்ந்ததும் நாலு இலையும் மேல்நோக்கி மடிந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் வெயில் பட்டதும் திறக்கும். என் தங்கை மகள் இதற்காகவே சாயங்காலம் மாடிக்கு ஓடுவாள்.

"புளியாரையும் இதுவும் ஒண்ணுதானேம்மா?"

இல்லைம்மா. புளியாரைக்கு மூணு இலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், மஞ்சள் பூ பூக்கும், மென்றால் புளிக்கும். அது பூக்கும் செடி, பெரணி இல்லை. ஆரைக்கு நாலு இலை, புளிப்பு கிடையாது, பூ பூக்கவே பூக்காது. பூவைப் பார்த்தால் அது ஆரை இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

"எவ்ளோ நேரம் வேகவைக்கணும்? வதக்கினா போதாதா?"

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன் தம்பி இமாச்சலத்திலிருந்து ஒரு கட்டு லிங்கடு வாங்கி வந்தான். வெண்டைக்காய் வதக்குவது போல எண்ணெயில் போட்டு, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிட்டேன். பல்லில் நறுக்கென்று கடிபடுவது நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. அம்மா உட்பட நாலு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விடிகாலையில் அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

பிறகு தேடிப் படித்தபோது, இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விஷயம் இல்லை என்று தெரிந்தது. 1994 மே மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் மேற்குக் கனடாவிலும் உணவகங்களில் சுருள் கீரை சாப்பிட்ட பலருக்கு இதே தொல்லை வந்தது. அது ஆஸ்ட்ரிச் ஃபெர்ன், அந்த நாடுகளில் பல தலைமுறையாகச் சாப்பிடும் வகைதான். வெறுமனே இரண்டு நிமிஷம் வதக்கிக் கொடுத்த இடத்தில் நோய் வந்தது. பத்து நிமிஷம் வேகவைத்த பிறகு வதக்கிய இடத்தில் வரவில்லை.

கனடாவின் சுகாதாரத் துறை சொல்லும் கணக்கைத்தான் இப்போது எல்லாச் சுருளுக்கும் வைத்துக்கொள்கிறேன்: கொதிக்கும் தண்ணீரில் 15 நிமிஷம், ஆவியில் என்றால் 10 முதல் 12 நிமிஷம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தாளிப்பு, வதக்கல் எல்லாம். குளிர் ஊரில் செய்வது போல் ஃபிரீசரில் வைத்து எடுத்தாலும், ஊறுகாய் போட்டாலும், இந்த வேகவைப்பு உண்டு.

"அவ்ளோ நேரம் வெந்தா சத்தெல்லாம் போயிடாதா? அந்தத் தண்ணியில ரசம் வைக்கலாம்ல?"

கொஞ்சம் சத்து போகும்தான். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் நாம் வெளியேற்ற நினைப்பதும் இறங்கியிருக்கிறது. ரசம், சூப், மாவு பிசைவது எதற்கும் வேண்டாம். முருங்கைக்கீரைத் தண்ணீரை வீணாக்காதே என்று வளர்ந்தவர்கள் நாம், கை வராது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

"எந்தச் செடியில சுருள் இருந்தாலும் பறிச்சு, 15 நிமிஷம் வேகவச்சா சரியா?"

சரியே இல்லை. வேகவைப்பது சாப்பிடத் தகுந்த வகைக்கு மட்டும். எந்தச் சுருளையும் நல்ல சுருளாக்கும் வழி இல்லை அது.

ஊட்டி, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் இடுப்பளவுக்குக் காடாக நிற்கும் ஒரு பெரணி உண்டு, பிராக்கன் என்று பெயர். மாடு தொடர்ந்து மேய்ந்தால் சிறுநீர்ப்பையில் கட்டி வந்து, சிறுநீரில் ரத்தம் போகும். அதில் இருக்கும் டாக்விலோசைடு என்ற பொருள்தான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-லேயே பிராக்கனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பட்டியலில் சேர்த்துவிட்டது.

கொரிய சீரியல் பார்க்கிற பிள்ளைகள் உடனே மடக்குவார்கள், "அவங்க பிபிம்பாப்ல போட்டுச் சாப்பிடுறாங்களே" என்று. உண்மைதான். கொரியாவில் கோசாரி, ஜப்பானில் வராபி என்பது பிராக்கன்தான். ஜப்பானில் மரச்சாம்பலோ சோடா உப்போ போட்ட வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி எடுப்பார்கள். கொரியாவில் வேகவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்து வேகவைப்பார்கள். இதனால் நஞ்சு பெருமளவு குறைகிறது, முழுக்கப் போய்விடுவதில்லை. தலைமுறைப் பழக்கமுள்ள கைகள் செய்வது அது. டூர் போன இடத்தில் பறித்துவந்து நாம் செய்து பார்க்க வேண்டாம்.

"வீட்டுக்குப் பின்னாடி சுவத்துல, தண்ணி பைப் ஓரமா நிறைய முளைச்சிருக்கு. கிள்ளி எடுத்தாந்தேன், பாருங்கக்கா."

நீளக் காம்பு, இரண்டு பக்கமும் ஏணிப்படி போல ஒல்லி இலைகள், கீழே சின்னதாக ஆரம்பித்து மேலே போகப் போகப் பெரிதாகி, நுனியில் ஒற்றை இலை நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில், கிணற்று உள்சுவரில் இது இல்லாத இடமே கிடையாது. டெரிஸ் விட்டேட்டா என்று பெயர். சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும்.

2001-ல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செடி மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதைக் கண்டுபிடித்தார்கள். கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் செய்ய இதை நடுகிறார்கள். அவ்வளவு நல்ல வேலை செய்யும் செடி, ஆனால் வாயில் வைக்கக் கூடாது. ஆடு, முயல் வளர்ப்பவர்களும் போட வேண்டாம். சுவரை விரிசல் விடவைக்கிறது என்றால் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"கால்வாய் ஓரத்துல ஆரைக்கீரை மாதிரியே கொத்து கொத்தா இருக்கு. காசு குடுத்து வாங்காம அதைப் பறிச்சுக்கலாமா?"

வேண்டாம், தயவுசெய்து. அது ஆரைக்கீரையாகவே இருந்தாலும் வேண்டாம். சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் உலோகங்களை ஆரையும் இழுத்துக்கொள்ளும். பக்கிங்காம் கால்வாயில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்ததை நம் கண்ணால் பார்த்தோம், படகிலும் வலையிலும் கைகளிலும் ஒட்டிய கறையைப் பார்த்தோம். அந்தத் தண்ணீர் தொட்ட கரையில் முளைப்பது கீரை மாதிரி இருக்கலாம், கீரை இல்லை.

சிலர் "நல்லா வேகவெச்சா போயிடும்ல" என்கிறார்கள். முன்னால் சொன்ன 15 நிமிஷக் கணக்கு செடியின் சொந்த நஞ்சுக்கும் கிருமிக்கும்தான். உலோகம் வெந்து போகாது.

இது எனக்கு வலிக்கிற விஷயம். என் பாட்டி மணலி ஏரிக்கரையில் மடி நிறைய ஆரை பறித்து வந்தவள். அதே கரையில் நின்று நான் பிள்ளைகளிடம் "தொடாதே" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கீரைக்கார அம்மாவிடம் வாங்கினாலும், எந்த ஊர்க் கீரை என்று கேட்டு வாங்குங்கள். வயல் கீரை என்றாலும் களைக்கொல்லி அடித்த வயலா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் நெல் விவசாயிக்கு ஆரை ஒரு களை.

"சரி, நல்ல ஆரைக்கீரை கிடைச்சா எப்படிச் சமைக்கிறது?"

காம்பை நீக்கி இலையை மட்டும் எடுங்கள். இலைக்கு அடியில் சேறு ஒட்டியிருக்கும், நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். காம்பின் அடியில் கறுப்பாக, கெட்டியாக, பயறு மாதிரி உருண்டைகள் இருந்தால் கிள்ளிப் போட்டுவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு நன்றாக வேகவிட்டு வடித்துக்கொள்வேன். அப்புறம் வெந்த பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் சேர்த்துக் கடைந்தால் போதும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேறு தொட்டுக்கை தேட மாட்டீர்கள். பச்சையாக அரைத்து ஜூஸ் குடிப்பது வேண்டாம். காரணம் ஆஸ்திரேலியா கேள்வியில் இருக்கிறது.

"ஆஸ்திரேலியாவுல இந்தக் கீரையைத் தின்னு செத்துட்டாங்கன்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சே, நெஜமா?"

பாதி நிஜம். நம்ம ஆரையின் உறவுச் செடி ஒன்று அங்கே உண்டு, நார்டூ என்பார்கள். 1860-ல் மெல்பர்னிலிருந்து கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட குழுவில், பர்க், வில்ஸ் என்ற இருவர் 1861-ல் திரும்பும் வழியில் கூப்பர் ஓடைக்கரையில் உணவு தீர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்த யாண்ட்ருவாண்டா பழங்குடியினர் நார்டூவை உண்பதைப் பார்த்து, இவர்களும் அதன் உருண்டைகளை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு மட்டும் நாளுக்கு நாள் விழுந்தது. இருவரும் இறந்துபோனார்கள். அவர்களோடு இருந்து, பிறகு பழங்குடியினரோடு போய்ச் சேர்ந்துகொண்ட கிங் என்பவர் பிழைத்தார்.

அந்தச் செடியில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். பி1 இல்லாமல் வரும் பெரிபெரி நோய்தான் அவர்களை வீழ்த்தியது என்பது பின்னால் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். பழங்குடியினர் வறுத்து, அரைத்து, நிறையத் தண்ணீர் கலந்து உண்டார்கள். பார்த்தவர்கள் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டார்கள். நாம் சாப்பிடுவது இலையை, அதுவும் எப்போதாவது, வேகவைத்து, பருப்போடு. அவர்கள் வாரக்கணக்கில் அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்டார்கள். பயப்பட வேண்டாம், உருண்டையை மட்டும் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

"முடவாட்டுக்கால் கிழங்குன்னு கொல்லிமலையிலேர்ந்து கொண்டாந்து விக்கிறாங்களே, அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

நல்ல கேள்வி, அதுவும் பெரணிதான். டிரைனேரியா என்ற வகையின் தண்டுக்கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும். மேலே ஆட்டுக்கால் ரோமம் போல பழுப்பு மயிர் இருக்கும், அதைச் சுரண்டி, தோல் சீவி, இடித்து, மிளகு சீரகம் போட்டுச் சூப் வைக்கிறார்கள். மூட்டுவலிக்கு என்று பரம்பரையாகச் சாப்பிடுகிறார்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. சுருளைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். கிழங்கைப் பெயர்த்தால் அந்தச் செடியின் கதை அதோடு முடிந்தது. மாதாமாதம் கிலோ கணக்கில் வாங்குவதை விட்டுவிடுங்கள் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

"ஆரைக்கீரை சாப்ட்டா சுகர் இறங்கிடுமாமே?"

சித்த மருத்துவத்தில் நீராரையை நீரிழிவுக்குச் சொல்வது உண்டு. ஆனால் தட்டில் ஒரு கரண்டி கடையல் மாத்திரைக்கு ஈடாகாது. கீரையாகச் சாப்பிடுங்கள், மாத்திரையைத் தொடருங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் எந்தக் காட்டுப் பெரணியையும் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

"பொக்கேல வைக்கிற ஃபெர்ன், மாட்டுக்குப் போடற அசோலா, இதெல்லாம்?"

பொக்கேயில் வரும் பஞ்சு மாதிரி பச்சை, அஸ்பராகஸ் ஃபெர்ன். பெயரில் மட்டும்தான் ஃபெர்ன், அது தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தம். சாப்பிட வேண்டாம். அசோலா நிஜமான நீர்ப் பெரணி. மாதவரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் தொட்டியில் வளர்க்கிறார்கள். மாட்டுக்கு நல்லது, நமக்கு வேண்டாம்.

"தீதீ, இங்கே ஏரி பக்கம் தேக்கியா இருக்கு. எங்க ஊர் மாதிரியே. எடுக்கலாம்?"

மாதவரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் அசாம் தம்பி கேட்டது. செடியைப் பார்த்துவிட்டு அவர் மனைவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுருளின் அளவு சரி, நிறம் சரி, ஆனால் ஒடித்தபோது சரியாக ஒடியவில்லை, நார் நாராக இழுத்தது. நல்ல தேக்கியா இளம் பகுதியில் பீன்ஸ் மாதிரி 'டப்' என்று ஒடியும், ஒடியாத இடத்துக்குக் கீழே எடுக்கவே கூடாது என்று காட்டிக்கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பழுப்புச் செதிலை எடுக்கும் விதத்தையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஊரில் உருளைக்கிழங்கோடு செய்வார்களாம். ஊரிலிருந்து யாராவது வரும்போது கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஏரிச் சேற்றின் விஷயம் கால்வாய்க் கேள்வியில் சொன்னதுதான்.

"லிங்கடு செடியை நம்ம மாடியில வளர்க்க முடியுமா?"

கனடாவின் ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் முடியவே முடியாது, அதற்குப் பனிக்காலத் தூக்கம் வேண்டும். டிப்ளேசியம் வெப்பநாட்டிலும் வளரும், ஆனால் எந்நேரமும் ஈரமும் நிழலும் கேட்கும். நான் பச்சை வலை கட்டி, காலை மாலை தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தை வரை அழகாக இருந்தது. கத்திரி வெயிலில் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. தரைத்தளத்தில் கிணற்றடி இருக்கிற வீடு என்றால் முயற்சி செய்யலாம்.

"அப்போ ஆரைக்கீரைக் கொடி ஒண்ணு குடுங்கக்கா. எப்படி வைக்கிறது?"

தருகிறேன். மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டுவாருங்கள், வேர் காயக் கூடாது. அகலமான டப்போ, அறுத்த டிரம்மோ போதும், ஒரு சாண் உயரத்துக்கு வயல் மண் அல்லது வண்டல், மேலே இரண்டு விரல் தண்ணீர். கொடியை மண்ணில் படுக்கவைத்து ஒரு கல்லை வைத்து அழுத்திவிடுங்கள். ஒரு மாதத்தில் பரவிவிடும். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கொசு வராமல் இருக்க இரண்டு கப்பி மீன் விடுங்கள், காலடிப்பேட்டை மார்க்கெட் போகும் வழியில் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். வெயிலில் தண்ணீர் வற்றி இலையெல்லாம் காய்ந்துபோனால் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அந்தக் கறுப்பு உருண்டைகள் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழைக்குத் தொட்டியை எட்டிப் பாருங்கள்.